சொந்தமாக ஒரு ஸ்டேஷன் இருந்தால் விண்வெளி கேமுக்கு அர்த்தம் வந்துவிடுமா?

எலைட் டேஞ்சரஸில் முன்னூறு மணி நேரம் போட்டாச்சு, பிடித்த கப்பலெல்லாம் வாங்கியாச்சு, பணம் கணக்கில் சும்மா கிடக்கிறது, இனி எதற்காக உள்ளே போக வேண்டும் என்றே தெரியவில்லை, நமக்கென்று ஒரு தளம் கட்டிக்கொண்டால் இந்த மாதிரி கேம்களுக்கு ஒரு நோக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனால் கட்டி முடித்த கையோடு வந்துவிடாது. நான் பதினைந்து வருடமாக இந்த வகை கேம்களில்தான் மாறி மாறிக் குடியிருக்கிறேன். அதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நாம் கட்டியதை நம்பி வேறு யாராவது வந்து போக வேண்டும், இல்லையென்றால் நாம் போகாவிட்டால் அதற்கு ஏதாவது ஆக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாத தளம் ஷோகேஸில் வைத்த பொம்மை மாதிரி. முதல் வாரம் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம், அப்புறம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம்.

நீங்கள் விளையாடும் எலைட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2014 டிசம்பரில் வந்தபோது அதில் நமக்கென்று சொந்தமாக இருந்தது கப்பல் மட்டும்தான். 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள், ஆனால் காலை வைத்து இது என்னுடையது என்று சொல்ல ஒரு இடம் கிடையாது. 2020 ஜூனில் ஃப்ளீட் கேரியர், அதாவது நம் கப்பல்களையெல்லாம் சுமந்துகொண்டு தாவும் பெரிய தாய்க்கப்பல், வந்தது. விலை 500 கோடி கிரெடிட். ஒரே தாவலில் 500 ஒளியாண்டு, 16 இறங்குதளம், 25,000 டன் கொள்ளளவு, ஓட்டுவதற்கு டிரிடியம் எரிபொருள், வாரா வாரம் பராமரிப்புச் செலவு. அதைக் கட்டாமல் கடன் ஏறிக்கொண்டே போனால் கேரியரைக் கலைத்துவிடுவார்கள். நிறையப் பேர் அந்த 500 கோடியைச் சேர்ப்பதையே ஒரு நோக்கமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுரங்கம் தோண்டினார்கள், நானும் தோண்டினேன். வாங்கிய அன்று அதன் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து பார்த்தேன். அடுத்த பத்து நாளில் அது என் கப்பல்களை நிறுத்தி வைக்கும் கொட்டகையாகிவிட்டது. மாதக்கணக்கில் உழைத்து வாங்கியது இப்படி ஆனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே கேரியரை வைத்து வேறு சிலர் செய்த காரியத்தைப் பாருங்கள். கேரியர்கள் வந்த அதே 2020-இல், டீப் ஸ்பேஸ் சப்போர்ட் அரே என்ற பெயரில் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, மனித நடமாட்டமே இல்லாத தொலைதூர மூலைகளில் ஆளுக்கொரு கேரியரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பராமரிப்புப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகப் போட்டு வைக்க முடியும் என்பதால், நீண்ட காலத்துக்கு அங்கேயே நிற்கும்படி ஏற்பாடு. வாரக்கணக்கில் தனியாகச் சுற்றி, கப்பல் உடம்பில் விரிசல் விழுந்து, கண்டுபிடித்த தகவலையெல்லாம் விற்க இடமில்லாமல் தவிக்கிற ஒரு ஆய்வுப் பயணிக்கு, வழியில் அப்படி ஒரு கேரியர் தென்படுவது சாலையே இல்லாத காட்டில் சத்திரம் தென்படுவது மாதிரி. எனக்கு அது ஒரு தடவை நடந்திருக்கிறது. கப்பலின் உடல் வலு 31 சதவீதத்தில் இருந்தபோது இறங்கினேன். அந்த கேரியரை நிறுத்தியவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் அப்போது கேமில்கூட இல்லை. ஆனால் அவருடைய 500 கோடிக்கு அன்றைக்கு ஒரு அர்த்தம் இருந்தது. என்னுடையது பபுள் என்கிற, மக்கள் நிறைந்த மையப் பகுதிக்குள் எங்கேயோ சும்மா நின்றுகொண்டிருந்தது.

இடத்துக்கு அர்த்தம் வர அது யாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஜாக் ஸ்டேஷன் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2016 மே மாதம், ஒரு நடமாடும் ஸ்டேஷன் பால்வீதியின் மறுகோடியில் உள்ள பீகிள் பாயிண்டுக்குத் தாவப் போகிறது என்று அறிவிப்பு, அதற்கான எரிபொருளை ஆட்டக்காரர்கள்தான் கொண்டுபோய்க் குவித்தார்கள். ஸ்டேஷன் தாவியது, காணாமல் போனது. சில வாரம் கழித்து ஒரு ஆட்டக்காரர் அதை நடுவழியில், சூரியனிலிருந்து சுமார் 22,000 ஒளியாண்டு தூரத்தில், பழுதாகிக் கிடக்கும் நிலையில் கண்டுபிடித்தார். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மக்கள் அத்தனை தூரம் பறந்து போய்ச் சரக்கு இறக்கினார்கள், ஸ்டேஷன் சரியானது, சுற்றிலும் குடியேற்றம் வளர்ந்தது, போகிற வழி நெடுக இடைநிலையங்கள் முளைத்தன. இன்றைய கொலோனியா அதுதான். அங்கே போய் உழைத்தவர்களில் யாருக்கும் எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. 2019-இல் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் இரண்டாம் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பால்வீதியின் நடுவில், சஜிடேரியஸ் ஏ கருந்துளைக்குப் பக்கத்தில், எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் நிலையம் வரக் காரணமானதும் அப்படித்தான். ஹட்டன் ஆர்பிட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பா சென்டாரியில் இறங்கியதும் 0.22 ஒளியாண்டு நேராகப் பறக்க வேண்டும், பழைய எஞ்சினோடு போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், போய்ச் சேர்ந்தால் ஒரு சின்ன ஸ்டேஷன். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்தவர்களெல்லாம் ஒரு கூட்டமாகவே சேர்ந்துவிட்டார்கள்.

சரி, இப்போது நீங்கள் யோசிக்கிற காலனி கட்டும் விஷயம். 2025 பிப்ரவரி கடைசியில் டிரெயில்பிளேசர்ஸ் அப்டேட்டில் வந்தது. 2.5 கோடி கிரெடிட் கட்டி ஆளில்லாத ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே மக்கள் இருக்கும் மண்டலத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும். முதல் நிலையத்தை நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்க என்ன வேண்டும் என்றால் எஃகு, டைட்டானியம், அலுமினியம், திரவ ஆக்சிஜன், தண்ணீர், சிஎம்எம் காம்போசிட் என்று நீளமான ஒரு பட்டியல். சின்ன அவுட்போஸ்ட்டுக்கே சுமார் 20,000 டன், கோரியோலிஸ் என்ற பெரிய வகை நிலையம் என்றால் 50,000 டன்னுக்கு மேல். டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பலில் ஒரு நடைக்கு எழுநூறு டன் ஏற்றினாலும் அவுட்போஸ்ட்டுக்கு முப்பது நடை, கோரியோலிஸுக்கு எழுபதைத் தாண்டும். அதிலும் சிஎம்எம் காம்போசிட் பெரும்பாலும் தரையில் இருக்கிற துறைமுகங்களில்தான் கிடைக்கும், ஒவ்வொரு தடவையும் கிரகத்தில் இறங்கி ஏற வேண்டும்.

நான் முதலில் எடுத்த மண்டலம் அழகுக்காக எடுத்தது. வளையம் போட்ட நீல நிற ராட்சதக் கிரகம், பக்கத்தில் இரட்டை நட்சத்திரம். மூன்று வாரம் எஃகு ஏற்றி அவுட்போஸ்ட்டை முடித்தேன். அந்த மூன்று வாரமும் எனக்கு உற்சாகத்துக்குக் குறைவே இல்லை, தூங்கும்போதுகூட இன்னும் எத்தனை டன் பாக்கி என்று கணக்குப் போட்டேன். முடிந்த அடுத்த நாள் போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. அவுட்போஸ்ட்டில் பெரிய கப்பலுக்கு இறங்குதளம் கிடையாது, அதனால் சரக்கு ஓட்டுகிறவர்கள் வரவே வழியில்லை, என்னுடைய டைப்-9-ஐயே அங்கே இறக்க முடியாது. விற்பதற்கு உருப்படியான பொருளும் இல்லை. இரண்டாவது தடவை வேறு மாதிரி யோசித்தேன். ஒரு நெபுலாவை நோக்கி ஆட்கள் மண்டலம் மண்டலமாகச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அந்த வழியில், கப்பலை நிறுத்தி எஃகு வாங்க இடமில்லாத ஒரு இடைவெளியில், பெரிய இறங்குதளம் உள்ள நிலையமும் தரையில் சுத்திகரிப்பு ஆலைகளும் வருகிற மாதிரி திட்டமிட்டுக் கட்டினேன். பார்க்க ஒன்றுமே இல்லாத பழுப்பு நிறப் பாறை மண்டலம் அது. சந்தையில் எஃகும் காம்போசிட்டும் வரத் தொடங்கிய இரண்டாம் வாரமே முன்பின் தெரியாதவர்களின் கேரியர்கள் ஏழெட்டு அங்கே வந்து நின்றன. ஒருவர் செய்தி அனுப்பினார்: "உங்கள் ஸ்டேஷன் இல்லையென்றால் நான் நாலு வாரக் கெடுவைத் தவறவிட்டிருப்பேன்." இப்போது உள்ளே போனதும் சந்தையில் இருப்பு எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். என்னை மறுபடி மறுபடி இழுப்பது அந்த இருப்பு எண்தான், கிரகத்தின் அழகு அதைச் செய்யவில்லை.

இதன் மறுபக்கத்தை, அதாவது நாம் போகாவிட்டால் தளத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தை, ஈவ் ஆன்லைன் அளவுக்கு யாரும் காட்டவில்லை. 2003-இல் தொடங்கிய கேம். நான் அங்கே வார்ம்ஹோல் பகுதியில் ஒரு சின்னக் கூட்டத்தோடு இரண்டு வருடம் இருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வார்ம்ஹோலில் நிரந்தர வாசல் கிடையாது, இன்றைக்கு ஒரு பக்கம் திறக்கும், நாளைக்கு வேறு பக்கம். அந்த வாசலுக்கும் எடைக் கணக்கு உண்டு, கனமான கப்பல்கள் போய்வந்தால் இடிந்து மூடிக்கொள்ளும். தளத்துக்கு எரிபொருள் கட்டிகள் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் தினம் யாராவது வாசல் தேடி, வழி பாதுகாப்பானதா என்று உளவு பார்த்து, சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். யார் முறை என்று ஒரு பட்டியல் இருந்தது. பிறந்தநாள், பரீட்சை, ராத்திரி ஷிப்ட் எல்லாம் அந்தப் பட்டியலுக்குத் தெரியும்.

அங்கே கட்டுமானத்தைத் தாக்கினால் உடனே அழியாது. கட்டம் கட்டமாகப் போகும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு டைமர், அடுத்த சண்டை எத்தனை மணிக்கு என்று இருதரப்புக்கும் தெரியும். எங்களுடைய கடைசி டைமர் இந்திய நேரப்படி ராத்திரி ஒன்றரைக்கு விழுந்தது, ஐரோப்பியர்களுக்கு அது இரவின் தொடக்கம். பதினோரு பேரும் வந்தார்கள். எதிரில் எண்பது பேர். வார்ம்ஹோலில் தளம் உடைந்தால் உள்ளே வைத்திருந்தது எல்லாம் வெளியே கொட்டும். மற்ற பகுதிகளில் பொருளை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றி, 15 சதவீதம் வரை கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு, வார்ம்ஹோலுக்கு அது கிடையாது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் போனது. அந்த ராத்திரி ஹெட்செட்டைக் கழற்ற யாருக்கும் மனமில்லாமல் விடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர்களில் நான்கு பேரோடு இன்றும் வாரம் ஒரு முறை பேசுகிறேன். எலைட்டில் நான் செலவழித்த எந்த மணி நேரத்திலும் இந்தக் கனம் இருந்ததில்லை.

பெரிய அளவிலும் இதேதான் நடந்தது. 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 21 மணி நேரம், டைட்டன் என்கிற, கேமிலேயே மிகப் பெரிய வகைக் கப்பல்களில் 75 அழிவு, நிஜப் பணத்தில் கணக்குப் போட்டால் 3 லட்சம் டாலருக்கு மேல். அது தொடங்கிய காரணம், அந்த மண்டலத்தின் உரிமைக்குக் கட்ட வேண்டிய கட்டணம் ஒரு தடவை கட்டப்படாமல் போனது. பெரிய கூட்டணி ஒன்றின் முக்கியமான படைத்தளம் அது. உரிமை விழுந்ததும் எதிரி உள்ளே புகுந்தான், மீட்க இவர்கள் ஓடினார்கள், கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள். கேம் நிறுவனமே அங்கே அந்தக் கப்பல்களின் சிதைவை நினைவுச்சின்னமாக நிறுத்தி வைத்தது. தளம் என்ற ஒன்று இல்லாவிட்டால் அங்கே சண்டைபோட ஒரு காரணமே இருந்திருக்காது.

ஆனால் ஈவிலும் சறுக்கல் இருந்தது. 2016 ஏப்ரலில் சிட்டடெல்கள் என்ற, ஆட்டக்காரர்கள் சொந்தமாக நிறுத்தும் புது வகைத் தளங்கள் வந்தன. அஸ்ட்ராஹஸ் என்ற சின்ன வகையைச் சின்னக் கூட்டம்கூட வாங்க முடியும், ஆனால் அதை உடைக்கச் சலிப்பான பல சுற்று வேலை. விளைவு, மூலைக்கு மூலை சிட்டடெல், பாதிக்கு மேல் ஆளில்லாமல், எரிபொருளும் இல்லாமல் அப்படியே நின்றன. எரிபொருள் இல்லாவிட்டாலும் ஒன்றும் பெரிதாக ஆகாது என்பதுதான் பிரச்சினை. 2020 மே மாதம் விதியை மாற்றினார்கள்: ஏழு நாள் எரிபொருள் இல்லாமல் கிடந்தால் கைவிடப்பட்ட கட்டுமானம் என்று கணக்கு, ஒரே சுற்றில் உடைக்கலாம், உள்ளே இருப்பது கொட்டும். அடுத்த சில வாரம் ஊரெல்லாம் வேட்டைதான். கைவிட்ட தளம்கூட இன்னொருவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. நல்ல மாற்றம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை ஆயிரம் ஆட்டக்காரர் கட்டுமானங்கள் வந்த பிறகும் ஈவின் வணிகத்துக்கு நடுமையம் ஜிட்டா 4-4 ஸ்டேஷன்தான், அது எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லை. பக்கத்து மண்டலமான பெரிமீட்டரில் குறைந்த வரியோடு சொந்தச் சந்தை வைத்துப் பெரிய கூட்டணிகளெல்லாம் அடித்துக்கொண்டன, ஜிட்டா அசையவில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் வருகிறது.

நோ மேன்ஸ் ஸ்கையில் 2016 நவம்பரில் ஃபவுண்டேஷன் அப்டேட்டோடு தளம் கட்டுவது வந்தது. வாடகை இல்லை, உங்கள் தளத்தை யாரும் வந்து பிடுங்கப் போவதில்லை, தோண்டிய மண் சில சமயம் மறுபடி வளர்ந்து வீட்டுக்குள் வரும், அவ்வளவுதான் தொல்லை. கட்டுவதே மகிழ்ச்சி என்பவர்களுக்கு அது போதும், என் தங்கை மகள் அதில் கட்டிய கண்ணாடி வீட்டைப் பார்த்து நான் அசந்து போனேன். ஆனால் அங்கேயும் வருடக்கணக்கில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் கலாக்டிக் ஹப் என்ற ஆட்டக்காரர் கூட்டம் மாதிரி ஒரே பகுதியில் கூடி, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டி, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தவர்கள்தான். ஸ்டார்ஃபீல்ட் கேமின் அவுட்போஸ்ட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹீலியம்-3 எடுத்து, மண்டலம் விட்டு மண்டலம் சரக்கு இணைப்பு போடும் வரை நன்றாக இருக்கும், ஆனால் கிடைக்கிற பொருளில் பெரும்பகுதியைக் கடையிலேயே வாங்கிவிடலாம். தேவை இல்லாத இடத்தில் தொழிற்சாலை.

தனியாக விளையாடுகிறவர், மற்ற மனிதர்களே வேண்டாம் என்கிறவர் என்றால் எக்ஸ்4 ஃபவுண்டேஷன்ஸ் பாருங்கள், 2018-இல் வந்தது. அதில் ஒவ்வொரு கப்பலும் உண்மையிலேயே பொருள் சேர்த்துத்தான் கட்டப்படுகிறது. நீங்கள் ஹல் பார்ட்ஸ், அதாவது கப்பல் உடற்பாகங்கள், செய்யும் தொழிற்சாலை போட்டால், பக்கத்து நாட்டின் கப்பல் கட்டும் தளம் அதை வாங்கும், அவர்களுக்குப் போர்க்கப்பல் கூடும், ஸெனான் என்ற எதிரி இயந்திரங்களை எல்லையிலேயே தடுத்து நிறுத்துவார்கள். ஸெனான்கள் உங்கள் சரக்குப் பாதையை அறுத்துவிட்டால் கப்பல் கட்டுவது தடுமாறும், எல்லையும் பின்வாங்கும். எனக்கு ஒரு தடவை கிளேட்ரானிக்ஸ் என்ற கட்டுமானப் பொருளின் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் போய் ஆறு மாதம் அந்த கேமிலிருந்து வெளியே வர முடியவில்லை. சார்ந்திருப்பவர்கள் கணினி ஓட்டும் ஆட்கள்தான், ஆனால் சார்பு நிஜமானது, அதனால் வேலை செய்கிறது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நம்மைத் தேடும் தளம் ஒரு கட்டத்தில் இரண்டாவது வேலையாகிவிடும். ஈவில் டைமருக்காக அலாரம் வைத்து எழுந்து எழுந்து, மூன்று வாரத்தில் ஒரேயடியாக விட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர். எலைட்டில் கேரியருக்கு முதலில் வைத்த பராமரிப்புக் கட்டணத்தைச் சோதனைக் கட்டத்திலேயே குறைத்ததும் இந்தப் பயத்தால்தான், ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் கேரியர் இருக்குமா என்று எல்லாரும் கேட்டார்கள். என்னைக் கேட்டால் கட்டணம் சுத்தமாக இல்லாமல் இருப்பதும் தப்பு, ஒரு வாரம் தவறினால் எல்லாம் போய்விடும் என்பதும் தப்பு. மெதுவாக மங்கட்டும். முதலில் சந்தை மூடட்டும், அப்புறம் சேவைகள், கடைசியில்தான் சொத்து. முன்பணம் போட்டு வைக்கவும் வழி இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2.5 கோடியை இன்றைக்கே கட்டிவிடாதீர்கள். எலைட்டில் வேறு யாராவது கட்டிக்கொண்டிருக்கும் நிலையத்துக்கும் நீங்கள் சரக்கு இறக்கலாம், தனி ஆட்டத்தில் இருந்து செய்தாலும் அது எல்லாருடைய ஆட்டத்திலும் கணக்கில் வரும். ஒரு வார இறுதியில் அப்படி நாலைந்து நடை எஃகு இறக்கிப் பாருங்கள். பிடித்திருந்தால், வரைபடத்தைத் திறந்து ஆட்கள் எந்தத் திசையில் போகிறார்கள், வழியில் எங்கே பெரிய கப்பல் இறங்க இடமில்லை, எந்தப் பொருளுக்காக ரொம்பத் தூரம் சுற்றுகிறார்கள் என்று பார்த்து, அந்த இடைவெளியில் இடம் பிடியுங்கள். கிரகம் அழகாக இருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். நாலாவது நடையிலேயே அலுப்பாக இருந்தால் கட்டுமானம் உங்களுக்கானதில்லை, அதில் ஒன்றும் குறையில்லை. ஃபியூயல் ராட்ஸ் என்று ஒரு கூட்டம் பல வருடமாக இருக்கிறது, நடுவழியில் எரிபொருள் தீர்ந்து நிற்பவர்களைத் தேடிப்போய் நிரப்பிவிட்டு வருவார்கள், காசு வாங்குவதில்லை. அதற்கு ஸ்டேஷன் எதுவும் வேண்டாம். எரிபொருள் மாற்றும் லிம்பெட் என்ற சின்ன ட்ரோன்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய ஒரு கப்பல் இருந்தால் போதும், அது இப்போதே உங்களிடம் இருக்கும்.